கைலாசபதியின் திறனாய்வும் ஊவாத் தோட்டங்களும்

பேராசிரியர் க. கைலாசபதி (1933–1982) பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை புகழுரைகளாகவோ வசையுரைகளாகவோ அமைந்துவிட்டன. இரண்டினாலும் அவரது திறனாய்வு முறைக்கு யாதொரு பயனும் விளையவில்லை. சமூகத்தின் இயக்கத்தோடு இணைத்து இலக்கியத்தை நோக்கவேண்டும் என வற்புறுத்திய ஒருவரின் கருத்துகளை, ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் வாழ்நிலையில் வைத்து உரைத்துப் பார்ப்பதே அவருக்குச் செய்யத்தக்க நேர்மையான மரியாதையாகும். அத்தகைய உரைகல்லாக இங்கு நாம் கொள்வது பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஹாலி-எல, பசறை, நமுனுகுல, அப்புத்தளைத் தோட்டங்களையுமாகும்.

கோலாலம்பூரிற் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பயின்று, பேராதனையில் 1957இற் பட்டம் பெற்று, ‘தினகரன்’ ஆசிரியராகப் பணியாற்றிய பின்னர் பல்கலைக்கழக ஆசிரியரானவர் கைலாசபதி. பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் அவர் நிகழ்த்திய ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது; சங்கச் செய்யுளை வீரயுகப் பாடலாகக் கண்ட நூல் அது. 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதற்றலைவரானார். இவ்விவரங்கள் பலரும் அறிந்தவை. இவற்றில் நாம் நீடிக்க வேண்டியதில்லை.

அவரும் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தினரும் 1960ஐ ஒட்டி முன்வைத்த ‘தேசிய இலக்கியம்’ என்ற கோட்பாட்டை முதலில் நோக்குவோம். தமிழகச் சஞ்சிகைகளின் நிழலிலிருந்து ஈழத்து எழுத்தை மீட்டு, இந்நாட்டு மக்களின் வாழ்வை இந்நாட்டு மொழிவழக்கில் எழுதவேண்டும் என்பது அதன் சாரம். யாழ்ப்பாணத்து வாசகனுக்கு இது தெளிவான கோரிக்கையாக இருந்திருக்கலாம். ஊவாத் தோட்டத் தொழிலாளியைப் பொறுத்தவரை தேசம் என்பது யாது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியிருந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. அரசு ஏற்க மறுத்த இம்மக்களின் வாழ்வை இந்நாட்டு இலக்கியத்தின் பொருளாக ஏற்பதற்கு இக்கோட்பாடு இடமளித்தது. சட்டம் மூடிய கதவைத் திறனாய்வு திறந்தது என்று கூறுவது மிகையன்று.

ஆயினும், அக்கோட்பாட்டுடன் ஒட்டி வழங்கிய ‘மண்வாசனை’ என்னும் சொல் நம்மைச் சற்றே தயங்கவைக்கிறது. சிறு நிலவுடைமை கொண்ட விவசாயியின் ஊரை மனத்திற் கொண்டு பிறந்த சொல் அது. தோட்டத்து மண் கம்பனிக்கு உரியது. 1975இன் பின் அரசுக்கு உரியதாயிற்று. குடியிருந்த லயக் காம்பிராகூட வேலை உள்ளவரையில் மட்டுமே தொழிலாளியினது. தனதல்லாத மண்ணின் வாசனையை அவன் எவ்வாறு எழுதுவான்? உடைமையையும் உழைப்பையும் வேறுபடுத்திக் காண்பது மார்க்சியத்தின் அரிச்சுவடி. அவ்வேறுபாட்டை இச்சொல் மழுங்கடித்துவிட்டது என்றே கருதுகிறோம்.

‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நாவலின் தோற்றத்தை அச்சியந்திரத்தின் பரவலோடும் மத்தியதர வாசகரின் வளர்ச்சியோடும் தனிமனிதவாதத்தோடும் பொருத்தியது. ஹாலி-எல அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இற் பிறந்து, தெளிவத்தைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்து அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் (1934–2022) எழுத்து இக்கருத்துக்கு ஒரு சோதனையாகும். அவரது ‘மீன்கள்’ என்ற சிறுகதை, பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே காம்பிராவில் உறங்க நேரும் லய வாழ்வின் அவலத்தைப் பொருளாகக் கொண்டது. தனிமனிதன் என்ற எண்ணத்துக்கே தனியறை ஒன்று தேவைப்படுகிறது. அது மறுக்கப்பட்ட இடத்தில் நாவலுக்கு முன்னே சிறுகதை தழைத்ததில் வியப்பில்லை. பத்திரிகைகளும் போட்டிகளும் அதற்குக் களம் தந்தன. பரிசுக் கதைகளின் தொகுப்பான ‘கதைக்கனிகள்’ 1971இல் வந்தது. ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ நாவல் 1974இல் வந்தது. கைலாசபதியின் கருத்து இவ்விடத்துப் பொய்த்துவிடவில்லை. எனினும் மத்தியதர வர்க்கம் என்று அவர் கூறியதை, தோட்டத்தில் ஆசிரியர், கணக்கப்பிள்ளை என்ற மிக ஒடுங்கிய படியிலேயே தேடவேண்டியிருக்கிறது. மலையகச் சிறுகதையின் வரலாற்றையும் ஜோசப்பே 2000இல் எழுதினார். அந்த வேலையும் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது என்பது நம்போன்றோர் எண்ணிப்பார்க்க வேண்டியது.

இவற்றினும் முக்கியமானது வாய்மொழிப் பாடல் பற்றிய வினா. ஹோமரின் காவியங்களிலும் யூகோஸ்லாவியப் பாடகரிடத்தும் மில்மன் பரியும் அல்பேட் லோட்டும் கண்ட முறையைக் கைலாசபதி சங்கப் பாடல்களுக்குப் பொருத்தினார். பாடகன் மனனம் செய்து ஒப்பிப்பவன் அல்லன். வழிவழி வந்த தொடர்களையும் நிகழ்ச்சிக் கூறுகளையும் கொண்டு பாடும்போதே ஆக்குபவன் என்பது அம்முறையின் அடிப்படை. பாணர் மரபைப் பின்பற்றிக் கற்றறிந்த புலவர்களே பாடினர் என ஜோர்ஜ் ஹார்ட் பின்னர் மறுத்தார். விவாதம் தீர்ந்தபாடில்லை, ஏடுகளை மட்டும் கொண்டு எளிதில் தீரவும் மாட்டாது.

அவரது ஆசான் தொம்சன் என்ன செய்தார்? அயர்லாந்தின் பிளாஸ்கெற் தீவுக் குடியானவரோடு பழகி, அவர்களது உயிர்ப்புள்ள பேச்சின் வழியாகவே கிரேக்கக் கவிதைக்குத் திரும்பினார். கைலாசபதிக்கு அத்தகைய தீவொன்று பேராதனையிலிருந்து புகையிரதப் பயணத் தொலைவில் இருந்தது. கொழுந்துமலையிலும் லயத்து வாசலிலும் தாலாட்டாக, ஒப்பாரியாக, கங்காணியை எள்ளும் பாட்டாக வழங்கியவை, தோட்டத்தின் பெயரை மாற்றியும் ஆளின் பெயரை மாற்றியும் அவ்வப்போது புதிதாக்கப்பட்டவை. அவருடைய முதன்மையான நூல்களில் எதுவும் இப்பாடல்களை மையப்பொருளாகக் கொண்டதன்று. தொகுக்கும் பணி சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரிடம் விடப்பட்டது.

இவ்விடைவெளி வெறும் விடுபடல் அன்று, கோட்பாட்டையே தொடுவது. வாய்மொழி ஆக்கத்தைக் கைலாசபதி வீரயுகத்தோடும், புரவலன்–பாணன் உறவோடும் பிணைத்தார். தோட்டத்துப் பாடலில் புரவலன் இல்லை. பாடுவோரிற் பெரும்பாலோர் பெண்கள். முன்னிலைப்படுத்தப்படும் துரையும் கங்காணியும் புகழப்படுபவர் அல்லர். பெரட்டும் அரைப்பேரும் ஆளும் உலகச் சந்தையின் உற்பத்தி முறைக்குள்ளேயே வாய்மொழி ஆக்கம் செழித்திருக்கிறதெனின், அதை ஒரு தொல்பழஞ் சமூகக் கட்டத்துக்கு மட்டும் உரியதாகக் கொள்ள முடியாது. சங்கப் பாடல் பற்றிய அவரது முடிவுகளை இது தகர்த்துவிடாது. வாய்மொழித்தன்மை, வீரயுகம் என்ற இரண்டையும் தனித்தனியே நிறுவும் பொறுப்பை நம்மீது சுமத்தும்.

இப்பாடல்களைத் தேடிச் செல்வோர் பதுளையோடு நின்றுவிட முடியாது. ஒப்பந்தங்களின்படி கப்பலேறியவர்களிற் பலர் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், மீண்டும் தேயிலைக்கே அமர்த்தப்பட்டனர். ஊவாவிற் பாடிய தாயின் ஓரடி பசறையில் ஒரு மகளிடமும் கூடலூரில் இன்னொரு மகளிடமும் எவ்வாறு திரிந்துள்ளது என்று ஒப்பிட்டுக் காண்பதற்கு, முதுமை எய்திய அத்தலைமுறை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை.