ஏழைகளின் ஊட்டி

ஏற்காட்டைப் பற்றித் தமிழில் எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் வாக்கியத்திலேயே 'ஏழைகளின் ஊட்டி' என்று போட்டுவிடுகிறார்கள். பிரயாணக் கட்டுரையில் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம், கதையிலும் வருகிறது. மலையைப் புகழ்ந்துவிட்டதாகவே எழுதியவருக்கு நினைப்பு.

'புவர் மேன்ஸ் ஊட்டி' என்று ஆங்கிலத்தில் சொல்கிறவன் ஏழையைப் பற்றிப் பேசவே இல்லை. அசல் கைக்கு எட்டாதபோது அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் மலிவுச் சரக்கு என்பதுதான் அந்தப் பிரயோகத்தின் பொருள். அதில் கொஞ்சம் இளக்காரமும் உண்டு. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். இலுப்பைப் பூவை மெச்சி அவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

சொல்லுக்குச் சொல் பெயர்த்ததும் என்ன ஆகிறது? ஏழைகளின் குடிசை, ஏழைகளின் நிலம் என்பதுபோல, ஏற்காடு ஏழைகளுடையதாகிவிடுகிறது! சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்த பிறகு, இந்தச் சரிவுகளில் எவ்வளவோ நிலம் தோட்டத் துரைமார் கைக்குப் போயிற்று. தலைச்சோலைப் பக்கம் காப்பிப் பழம் பறிக்கிற மலையாளிப் பெண்ணிடம் (கேரளத்துக்காரி அல்ல, தமிழ் பேசும் இந்த மலையின் பழங்குடி) "இது உங்கள் ஊட்டியாமே அம்மா" என்று சொல்லிப் பார்க்கவேண்டும்.

பொருத்தமும் போதாது. ஊட்டி 7,000 அடிக்கு மேல்; ஏற்காடு ஏறக்குறைய 5,000. அங்கே உறைபனி, தேயிலை. இங்கே காப்பி, மிளகு, ஆரஞ்சு. இது வேறு மலை.

ஆங்கிலச் சொற்றொடரே ஆகாது என்பதல்ல என் கட்சி. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பெயரும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ஆனால் கொண்டை ஊசி நம் வீட்டு மாடத்தில் கிடக்கிற பொருள். பாதையைப் பார்த்தால் ஊசி தெரிகிறது. வெள்ளைக்காரன் இன்னும் கெட்டிக்காரன். மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் காட்டுக்குத் தன்னிடம் சொல் இல்லை என்று கண்டதும், தலைச்சோலை என்ற பெயரில் இருக்கிற அதே 'சோலை'யை 'ஷோலா' என்று அப்படியே எடுத்துக்கொண்டான்.

கதாசிரியருக்கு இந்தச் சொற்றொடர் வேண்டியே இருந்தால் வழி இருக்கிறது. ஊட்டிக்குப் பணம் போதாத ஒரு குமாஸ்தா மனைவியை ஏற்காட்டுக்கு அழைத்து வருகிறான். "இதுவும் ஊட்டி மாதிரிதான்" என்று அவன் சமாதானம் சொல்லட்டும். ஆங்கிலத்தின் முழுப் பொருளும் வந்துவிடும். அவள் பதில் பேசாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.