ருசியும் தீர்ப்பும்

பர்கண்டிச் சிவப்பு ஒயினை நான் குடித்ததில்லை. குடித்தவர்கள் எழுதிய குறிப்புகளைப் பல வருஷங்களாகப் படித்து வருகிறேன். விமர்சனம் என்ற காரியத்தின் சிக்கல் முழுவதும் அந்தக் குறிப்புகளில் மிக ஸ்தூலமாக இருக்கிறது என்பது என் அபிப்ராயம். குடிக்காதவனுக்கு இதில் என்ன பேச்சு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான்: நான் எடுத்துக்கொள்வது ருசியை அல்ல, ருசியைப் பற்றிய தீர்ப்பை.

விஷயம் இது. பிரான்ஸில் கோட் தோர் என்ற குறுகிய மலைச்சரிவில் பினோ நுவார் என்ற திராட்சையிலிருந்து இந்த ஒயினைச் செய்கிறார்கள். இளமையில் அதற்குச் செர்ரி, ராஸ்பெர்ரிப் பழங்களின் வாசனை. ஊதா கலந்த சிவப்பு. நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. புட்டிக்குள் வருஷங்கள் போகப்போக நிறப்பொருளும் துவர்ப்புப் பொருளான டானினும் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, ஒரு பகுதி மண்டியாக அடியில் இறங்குகிறது. நிறம் செங்கல்லாகி விளிம்பில் ஆரஞ்சு தட்டுகிறது. பழவாசனை பின்வாங்கி, ஈரச்சருகு, காளான், பதனிட்ட தோல் இவற்றின் வாசனை முன்வருகிறது. நடுவே சில வருஷங்கள் நல்ல ஒயின்கூட வாயை மூடிக்கொள்வதுண்டு. இளமை போய், முதுமை வராத, ஒன்றும் சொல்லாத காலம்.

இதில் எந்த நாளின் ருசி அந்த ஒயினின் ருசி?

தொழில்முறை ருசியாளர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே 100க்கு இத்தனை என்று மதிப்பெண் தந்து, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை குடிக்கலாம் என்றும் எழுதிவிடுகிறார்கள். நான் வங்கியில் வைப்புத்தொகை ரசீது எழுதுபவன். ரசீதில் முதிர்வுத் தேதியை முதல் நாளே போட்டுவிடலாம். வட்டி தெரியும், கணக்குத் தெரியும். ஒயினுக்கு அப்படி எழுதுவது ஜோசியம். முன் உதாரணங்களை அறிந்தவன் சொன்னால் ஜோசியம் பலிக்கவும் கூடும். ஆனாலும் அது அனுபவமாகிவிடாது.

எதிர்த்தரப்பு ருசியே பொய் என்கிறது. அவர்களிடம் சான்றுகள் உண்டு. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பிரெடெரிக் ப்ரோஷேயும் சகாக்களும் வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து போர்தோவில் ஒயினியல் பயின்ற 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். கண் எடுத்துக்கொடுத்த சொல்லை மூக்கு ஒப்பித்தது. பிறகு ரூடி குர்னியவான் விவகாரம். அவர் வீட்டில் கலந்து பழைய லேபிள் ஒட்டிய புட்டிகளை வாங்கிக் குடித்து மெச்சியவர்கள் உண்டு. 2008இல் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு, போன்ஸோ குடும்பத்தின் க்ளோ ஸான் தெனி ஒயின் என்று 1945 முதல் 1971 வரையிலான வருஷங்கள் போட்ட புட்டிகள் வந்தன. லோரான் போன்ஸோ தலையிட்டு விற்பனையை நிறுத்தினார். அவர் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான். குர்னியவான் 2013இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2014இல் 10 வருஷச் சிறைத்தண்டனை பெற்றார். அந்த ஏலத்தில் பொய்யைக் காட்டிக்கொடுத்தது நாக்கல்ல, தேதி.

இதிலிருந்து ருசி என்று ஒன்றில்லை என முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். இந்தச் சான்றுகள் நிரூபிப்பது ஒற்றைச் சந்திப்பின் பலவீனத்தை மட்டுமே. கூச்சல் குறைந்த வேறொரு வழக்கமும் இருக்கிறது. 12 புட்டிகள் கொண்ட ஒரு பெட்டியை வாங்கிக் குளிர்ந்த நிலவறையில் படுக்கவைத்து, சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒன்றைத் திறந்து, தேதி போட்டுக் குறித்து வைப்பது. ஐந்தாவது புட்டியைத் திறக்கிறவனிடம் முதல் நாலின் ஞாபகம் இருக்கிறது. புதுக் குறிப்பு பழைய குறிப்பை மறுக்கிறது, அல்லது அது ஏன் அப்படி இருந்தது என்று விளக்குகிறது. இதற்குள் ருசிப்பவனுக்கும் வயதாகியிருக்கிறது. மாறிக்கொண்டிருக்கும் இரண்டுக்கு இடையே நடக்கும் இந்த வரிசைதான் தீர்ப்பு. அதிலிருந்து ஒரு குறிப்பைத் தனியே உருவி எடுத்தால் அது வெறும் அபிப்ராயம்.

இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு அறிதலும் ஒரு புட்டியைத் தீர்க்கிறது. வரிசை முழுமையாகும்போது பொருள் கையில் இல்லை. 1945இன் ரொமானே-கோன்தி சுமார் 600 புட்டிகளே செய்யப்பட்டது. அந்த அறுவடைக்குப் பின் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். 1952 வரை அந்தப் பெயரில் ஒயின் இல்லை. 2018இல் அதில் ஒரு புட்டி 5,58,000 டாலருக்கு விலை போயிற்று. அவ்வளவு கொடுத்து வாங்கியதைத் திறக்க எவருக்குக் கை வரும்? திறக்காத புட்டியைக் கும்பிடலாம். அதைப் பற்றி விமர்சனம் எழுத முடியாது.

புத்தகம் படிப்பதால் தீர்ந்துபோவதில்லை. ஆகவே நமக்குச் சாக்குகள் குறைவு. இருந்தும் இருபது வயதில் ஒருமுறை படித்துச் சொன்னதை நாற்பதிலும் செலாவணியாக்குகிறோம், தேதி போடாமல். சிலவற்றைத் திறக்காமலே கும்பிடுகிறோம். வாயை மூடிக்கொண்ட பருவத்தில் ஒரு நாவலைச் சந்தித்து, அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அறிவித்துவிட்டு நகர்கிறோம்.

விமர்சனக் கட்டுரை ஒவ்வொன்றின் கீழும் படித்த தேதியைப் போட வேண்டும் என்பது என் கட்சி. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அடுத்த முறை படிக்கும்போது மறுப்பதற்கு, திட்டவட்டமாக ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும்.