இரட்டையர் பதிவேடுகளில் ஆள்சேர்ப்பு: ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒருகரு இரட்டையரையும் இருகரு இரட்டையரையும் ஒப்பிட்டு, மரபுக்கும் சூழலுக்கும் உரிய பங்கைப் பிரித்தறிவதே இரட்டையர் ஆய்வின் அடிப்படை. இம்முறையின் கணக்கீடுகள் விரிவாக விவாதிக்கப்பட்டுள்ளன. ஆனால் கணக்கீட்டிற்கு உள்ளாகும் இணைகள் எவ்வாறு திரட்டப்பட்டன என்பது பெரும்பாலும் ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகிறது. ஆள்சேர்ப்பு முறையே முடிவுகளின் எல்லையை வரையறுக்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முனைகிறது.

தேடிச் சேர்த்தலும் தாமே வருதலும்

1954இல் தொடங்கப்பெற்ற டென்மார்க் பதிவேடு, 1870 முதல் 1910 வரை பிறந்த இரட்டையரைத் தேவாலயப் பிறப்புப் பதிவுகளிலிருந்து கண்டறிந்தது. விருப்பம் தெரிவித்தோரை மட்டும் ஏற்காமல், பிறந்தோரைத் தேடிச் சென்றது இதன் வலிமை. எனினும் இருவரும் ஆறு வயதுவரை உயிருடன் இருந்த இணைகளே பின்தொடரப்பட்டன. குழந்தை இறப்பு மிகுந்த அக்காலத்தில் இவ்வரையறை பல இணைகளை விலக்கியது. முழுமையானதாகக் கருதப்படும் பதிவேடும் ஒரு தேர்வின் விளைவே என்பது இதனால் புலனாகிறது.

1992இல் இலண்டனில் தொடங்கிய ட்வின்ஸ்யூகே தன்னார்வலர்களைச் சார்ந்தது. நடுவயதுப் பெண்களின் எலும்பு, மூட்டு நோய்களை ஆராயத் தொடங்கியதால் அதில் பெண்களே மிகுதி. தன்னார்வ இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்கள் என்றும், மூன்றில் இரு பங்கினர் ஒருகரு இரட்டையர் என்றும் லிக்கன் முதலானோர் 1978இல் சுட்டிக்காட்டினர்.

இச்சாய்வு எண்ணிக்கையோடு நிற்பதில்லை. தம்முள் ஒத்திருக்கும் இணைகளே மிகுதியாக முன்வந்தால், இணைகளுக்கிடையிலான ஒட்டுறவு உயர்ந்து தோன்றும். அவ்வுயர்வு ஒருகரு இணைகளில் கூடுதலாயின் மரபின் பங்கு மிகைப்படும்; இருவகை இணைகளிலும் சமமாயின், மரபின் மதிப்பீடு மாறாது, பகிர்ந்த சூழலின் பங்கே மிகைப்படும். ஆகவே மாதிரியின் அளவைப் பெருக்குவதால் மட்டும் இப்பிழை நீங்காது.

இலங்கை இரட்டையர் பதிவேடு 1997இல் தொடங்கப்பெற்றது. தன்னார்வலர்களோடு நில்லாமல், கொழும்பு மாவட்டத்தில் மக்கள்தொகை அடிப்படையிலும் அது இரட்டையரைத் திரட்டியது. இச்சிக்கலை உணர்ந்த நகர்வாக அதனைக் கொள்ளலாம்.

குடும்பமும் ஒப்புதலும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994 முதல் 1996 வரை பிறந்த இரட்டையரின் குடும்பங்களை டெட்ஸ் ஆய்வு பிறப்புப் பதிவுகளின்வழி அணுகியது. குழந்தை இறந்திருந்த குடும்பங்களை முன்னரே நீக்கிய பின்பே அழைப்புகள் அனுப்பப்பட்டன. துயருற்ற பெற்றோரின் வாயிலில் ஆய்வு மடல் சென்று சேராமல் காத்த இச்செயல், ஆள்சேர்ப்பு வெறும் புள்ளியியல் பணியன்று என்பதை உணர்த்துகிறது.

நெடுங்கால ஆய்வில் ஒப்புதல் ஒருமுறையோடு முடிவதன்று. குழந்தைக்காகப் பெற்றோர் அளித்த இசைவு, அக்குழந்தை வளர்ந்தபின் அவரிடமே மீளக் கேட்கப்பட வேண்டியது. ஒருகரு இரட்டையரின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ ஒன்றே ஆதலால், ஒருவர் தரும் குருதி மாதிரி மற்றவரைப் பற்றியும் பேசும். மற்றவர் மறுத்தாலோ விலகினாலோ அவரது தகவலை எவ்வாறு காப்பது என்ற வினாவிற்கு, தனியாளை அலகாகக் கொண்ட ஒப்புதல் படிவம் விடை தருவதில்லை. ஒருவர் விலகினால் ஆய்வு ஓர் இணையையே இழக்கிறது. இவ்விழப்பைத் தவிர்க்கும் ஆர்வம், எஞ்சியவர்வழி உடன்பிறந்தாரை வற்புறுத்தும் நிலைக்கு இட்டுச்செல்லக்கூடும்.

முடிவுரை

பதிவேட்டின் மதிப்பை இணைகளின் எண்ணிக்கை மட்டும் உணர்த்தாது. யார் அழைக்கப்பட்டனர், யார் வரவில்லை, யார் விலகினர் என்பன முடிவுகளுடன் சேர்த்து வெளியிடப்பட வேண்டும். மரபின் பங்கைக் குறிக்கும் விழுக்காடு ஒரு சமூகத்தின் இயல்பாக எடுத்தாளப்படும்போது, அது யாரிடமிருந்து பெறப்பட்டது என்ற வினா தவிர்க்க இயலாததாகிறது.