உழவாரன் பின்னே

ரேணிகுண்டா ஜங்ஷனைத் தாண்டிப் பனைகள் நிற்கும் பக்கம், வெயில் தாழ்ந்ததும் பனை உழவாரன்கள் பூச்சி பிடிக்க இறங்கும். மெல்லிய கிறீச்சொலி கேட்டு நிமிர்வதற்குள் பறவை தாண்டிப் போயிருக்கும். பனையோலையின் அடியில் இறகுகளை எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும் பறவை இது. பறக்கும்போது அதன் திருப்பத்தைப் படத்தில் பிடிக்க, நொடியில் 3200-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் மட்டும் போதாது; கையும் பழக வேண்டும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, பறவையோடு லென்ஸை ஓடவிட்டு, அழுத்திய பிறகும் நிறுத்தாமல் ஓடவிடுவது. அது வசப்பட எனக்கு ஒரு கோடை முழுக்க ஆயிற்று.

முதல் படங்களில் எல்லாம் கரித்துண்டுதான். வெளிச்சமான வானத்தை அளந்து கேமரா பறவையை இருட்டாக்கிவிடும். இப்போது எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்கிறேன். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். அப்படியும் இருண்டுபோன ரா படத்தை வீட்டில் திறந்து, நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். கறுப்புக்குள்ளிருந்து முதலில் தொண்டையின் வெளிர்பழுப்பு வரும், பிறகு இறக்கையின் அடியில் இறகுகள் ஒவ்வொன்றாக. அளவு மிஞ்சினால் மணல் தூவியதுபோல் புள்ளிகள் பரவும். அதற்கு ஒரு நூல் முன்னே நிறுத்த வேண்டும். நேற்று அப்படி நிறுத்திய ஒரு படத்தில், பூச்சிக்காகத் திறந்த அலகு தெரிந்தது.