பொற்காசும் செப்புக்காசும்

சங்ககால நாணயங்களைப் பற்றி எழுதுவோரிடம் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. காசு கிடைத்தது என்பர். காவலன் பெருமை கண்டோம் என்பர். பொற்காலம் என்று முடித்துவிடுவர். காசு சொல்லும் கதையில் பாதியைக் கேட்டுவிட்டு எழுந்துபோகும் இந்தப் போக்கை நாம் மறுக்கிறோம்.

மறுப்பது பெருமையைக் குறைப்பதற்காக அன்று. சங்ககாலத் தமிழ் மன்னர் தம் பெயரில் காசு வெளியிட்டதில்லை என்று ஆய்வாளர் பலர் கருதிய காலம் உண்டு. 1980களில், தமிழ்ப் பிராமியில் 'பெருவழுதி' என்று பொறித்த பாண்டியர் செப்புக்காசை இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்தினார். கரூர் அமராவதி ஆற்றுப்படுகை, 'மாக்கோதை' என்ற சேரன் பெயர் தாங்கிய வெள்ளிக்காசைத் தந்தது. ஊகம் அடங்கிற்று, உலோகம் பேசிற்று!

பேசியதை முழுவதும் கேட்க வேண்டாமா? மாக்கோதைக் காசின் முகம் உரோமக் காசின் முகத்தை நினைவூட்டுகிறது. வியப்பில்லை, மிளகுக்கும் முத்துக்கும் மணிக்கும் விலையாக உரோமப் பொன்னும் வெள்ளியும் இங்கே வந்து குவிந்தன. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று முதல் நூற்றாண்டில் பிளினி வருந்தி எழுதினார்.

1898இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 உரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு! மீண்டும் செலாவணி ஆகாதபடி வெட்டினர் என்பது அறிஞர் சிலர் கருத்து. உரோமில் வணங்கிய முகம், இங்கே எடைபோடும் உலோகம். ஆணை செல்லும் எல்லைவரைதான் முகத்துக்கு மதிப்பு. எல்லை கடந்தால் பொன்னுக்கே மதிப்பு. பேரரசின் செருக்குக்கு இதைவிடச் சூடான மறுமொழி உண்டோ?

ஆனால் அந்தப் பொன் யார் கையில் தங்கிற்று? மலையிலே மிளகு பறித்தோர், கடலிலே முத்துக் குளித்தோர், கொடுமணலிலே மணி தீட்டியோர், இவர்கள் கைக்கு வந்தது என்ன? பானை நிறையப் பொன் புதைக்கும் வசதி உழைத்தவனுக்கு இருந்திருக்குமா? அன்றாடச் சந்தைக்குச் சாட்சி, கைமாறிக் கைமாறித் தேய்ந்த சிறு செப்புக்காசே. அதை ஒதுக்கிவிட்டுப் பொற்காசைப் போற்றும் எழுத்து, வரலாறு ஆகாது. அரண்மனைக் கட்டியமே ஆகும்.

அயனம்பாக்கத்திலும் அம்பத்தூரிலும் பகுத்தறிவு பேசும் இளந்தோழர்களே! எழும்பூர் அருங்காட்சியகம் தொலைவில் இல்லை. சென்று பாருங்கள். மன்னன் முகத்தில் மயங்காதீர்கள். எழுத்தைப் படியுங்கள், எடையைக் கேளுங்கள், இந்தக் காசுக்குப் பின்னால் எவர் உழைத்தார் என்றும் கேளுங்கள். புராணத்திடம் சான்று கேட்கும் நாம், நம் பழம்பெருமையிடமும் அதையே கேட்பதுதான் நேர்மை.