கிளி முறையிடும் இடம்

கொங்கு நாட்டு அண்ணமார்சாமி கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அண்ணன்மார் பொன்னரும் சங்கரும் வாளெடுக்கும் இடமல்ல, கிளி பிடிக்கும் இடம். தங்கை தங்காளுக்கு ஒரு சோடிக் கிளி வேண்டும். அண்ணன்மார் வேட்டுவர் காட்டுக்குள் புகுந்து ஆண்கிளியைப் பிடித்துவிடுகிறார்கள். தப்பிய பெண்கிளி நேரே பறந்துபோய் வேட்டுவர் தங்கை வீரத்தங்காளிடம் முறையிடுகிறது. அங்கேயும் ஒரு தங்கை, அவளுக்கும் அண்ணன்மார். ஒரு தங்கையின் ஆசை தீர, இன்னொரு தங்கையின் வயிறு எரிகிறது. கொம்பன் பன்றி வயலை உழப்பி நாசமாக்குவதும், ஆயிரக்கணக்கில் தலைகள் உருளுவதும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கதையை உடுக்கையடித்துப் பாடக் கேட்க வேண்டும். இடை சிறுத்த அந்தச் சின்னக் கருவியின் கயிற்றை விரல் இறுக்கினால் நாதம் ஏறும், விட்டால் இறங்கும். உறுமலும் விம்மலும் அதற்குள்ளேயே இருக்கின்றன. பாடகர் நாலடி பாடுவார், வசனத்துக்கு இறங்குவார், பக்கத்திலிருப்பவர் ‘ஆமா’ போடுவார், மறுபடி பாட்டு மேலேறும். நான் கேட்ட ஒரு முதிய பாடகர், பெண்கிளி முறையிடும் இடத்தில் கயிற்றை நன்றாகத் தளர்த்தி, அடியையும் குறைத்துவிட்டார். நாலைந்து இரவு தள்ளி, படுகளத்தில் அண்ணன்மாரின் உடலைத் தேடித் தங்காள் புலம்பும்போது அதே தளர்ந்த நாதம் திரும்ப வந்தது. பகைவர் காட்டுக் கிளிக்கும் நம் வீட்டுத் தங்கைக்கும் ஒரே அழுகையைக் கொடுத்திருந்தார். எதையும் விளக்கிச் சொல்லவில்லை. பந்தலில் இருந்த கிழவிகள் இரண்டு இடத்திலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இதற்கு மேல் ஒரு கலை என்ன செய்ய முடியும்?

கனடா மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்தக் கதையை முழுதாக ஒலிப்பதிவு செய்தார். பின்னாளில் அது நூலாக வந்தது, 26 பகுதி அசைபடத் தொடராகவும் ஆனது. அந்தப் பாடத்தில் பகையின் வேர் தெளிவாகத் தெரிகிறது. ஏர் பிடிக்கும் குடி வருமுன்பே காடும் வேட்டுவரும் அங்கே இருக்கிறார்கள். ஏர் நுழைய நுழையக் காடு சுருங்குகிறது. அண்ணமாரைக் குலசாமியாகக் கும்பிடுகிறவர்கள் பாடும் கதையிலேயே இந்த உண்மை மறைக்கப்படாமல் நிற்பதுதான் அதன் பெருமை.

எங்கள் பக்கத்து நெட் சென்டர்களில் பையன்கள் ஒரு காலத்தில் விழுந்து விழுந்து ஆடிய ‘வார்கிராஃப்ட்’ விளையாட்டையும் இதோடு வைத்துப் பார்க்கிறேன். 1994-இல் வந்த முதல் ஆட்டத்தில் மனிதருக்கும் ஓர்க் இனத்துக்கும் ஒழித்துக்கட்டும் பகை, அவ்வளவுதான். 2002-இல் வந்த மூன்றாவது ஆட்டம் வேறு உயரம். நோய்த் தானியம் தின்ற நகரத்து மக்கள் பிணங்களாக எழுந்து வருவார்கள் என்று, அவர்களை முன்கூட்டியே கொன்றுவிடச் சொல்கிறான் இளவரசன் ஆர்தஸ். குருவான ஊதர் மறுக்கிறார், தோழி ஜெய்னா முகம் திருப்பிக்கொண்டு போகிறாள். மவுஸைப் பிடித்திருக்கும் நாம்தான் வீடு வீடாகப் போக வேண்டும். அதே ஆட்டத்தில் ஓர்க் தலைவன் திரால் தன் இனத்துக்கு வாழ இடம் தேடிக் கடல் கடக்கிறான். வடிவமைத்தவர்கள் கைதேர்ந்தவர்கள். ஆனாலும் நகரம் எரிந்து முடிந்ததும் அடுத்த கட்டம் திறந்துவிடுகிறது. உடுக்கைப் பாட்டு அப்படி விடுவதில்லை. செத்தவருக்கு அழுது முடிக்காமல் யாரும் எழுந்து போக முடியாது.

கோவை உக்கடத்தில் இருந்துகொண்டு இதை வெறும் ரசனையாக என்னால் பேச முடியாது. 1997 நவம்பர் மதக் கலவரத்தையும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளையும் பார்த்த ஊர் இது. நேற்றுவரை டீக்கடையில் ஒன்றாக நின்றவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தார்கள். எந்தப் பக்கத்து அழுகையும் மறுபக்கத்துக்குக் கேட்காத நாட்கள் அவை. அந்த முதியவரின் உடுக்கை எனக்குள் அவ்வளவு ஆழம் இறங்கியதற்கு அதுவும் காரணம்.

இப்போது பல இடங்களில் கதையை ஒரே இரவுக்குச் சுருக்குகிறார்கள். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது கிளிதான். பன்றி வேட்டையும் படுகளமும் மட்டும் மைக்கில் முழங்குகின்றன. கூட்டம் எழுந்து கத்துகிறது, சாமி வருகிறது, எல்லாம் சரி. ஆனால் வேட்டுவர் வெறும் வெட்டுப்படும் கூட்டமாகிப் போகிறார்கள். அது பாட்டின் பாதிதான். நல்ல பாதியும் அல்ல. வேட்டுவர் மரபில் இந்தக் கதைக்கு அவர்கள் தரப்பிலிருந்தே வேறு பாடம் உண்டு. அதையும் ஒரே பந்தலில் வைத்துக் கேட்கும் துணிச்சல் ஏதாவது ஊருக்கு வர வேண்டும்.

உங்கள் ஊர்க் கோயிலில் நோம்பிக்கு அண்ணமார் கதை வைப்பதாக இருந்தால், பாடகருக்கு இரண்டு இரவாவது கூடுதலாகக் கொடுங்கள். கிளி பிடிக்கிற கட்டத்தை விடாமல் பாடச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும், கேட்பவர் இல்லாததால்தான் விட்டுவிடுகிறார்கள்.