தசரத் தேவின் கதையை எங்கே முடிப்பது?

நம்முடைய அரசியல் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வருவதுண்டு. எந்த இடத்தில் கதையை நிறுத்துவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டுதான் ஆசிரியர் பேனாவை எடுக்கிறாரோ என்று தோன்றும். சிறை, தலைமறைவு, தேர்தல் வெற்றி என்று மூன்று படி ஏறியதும் மாலை போட்டு முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் அந்த மனிதர் நாற்பது வருஷம் உயிரோடு இருந்தார் என்பது அவர்களுக்கு ஒரு சங்கடமான விஷயம்.

திரிபுராவின் தசரத் தேவ் கதைக்கும் பெரும்பாலும் இதே கதிதான் நேர்ந்திருக்கிறது. நம் பக்கத்து வாசகர்களில் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. ஆகையால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1916இல் கோவாய் என்ற ஊர்ப் பக்கம் ஏழை மலைக்குடியில் பிறந்தவர். திரிபுரா அப்போது மன்னர் ஆட்சியில் இருந்தது. உத்தியோகஸ்தர்கள் ஊருக்கு வந்தால் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளைக் கூலியில்லாமல் சுமக்கவேண்டும். தித்துன் என்று அதற்குப் பெயர். 1948இல் அவருடைய தலைமையில் மக்கள் விடுதலைப் பரிஷத் தோன்றியது. 1949இல் பத்மபில் கிராமத்தில், சுமை தூக்கமாட்டோம் என்று நின்ற இடத்தில், குமாரி, மதுதி, ரூபஸ்ரீ என்ற மூன்று பெண்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்த வருஷ அக்டோபரில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. தசரத் தேவ் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பிடிவாரண்டு தலைக்கு மேல் தொங்க, தலைமறைவாக இருந்துகொண்டே 1952 தேர்தலில் நின்று ஜெயித்தார். திரிபுராவுக்கு இருந்த இரண்டு பார்லிமெண்டு இடங்களும் அவர் கட்சிக்கே போயின. போலீசார் காட்டில் தேடிக்கொண்டிருந்த ஆசாமி டில்லியில் சபைக்குள் போய் நின்றார்.

சினிமாவுக்கு ஏற்ற காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அது உச்சகட்டம் அல்ல, முதல் அத்தியாயத்தின் முடிவு என்பது என் அபிப்பிராயம்.

காட்டுக்குள் போவதற்கு முன்பே அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. 1945 டிசம்பரில், ஓரளவு படித்த சில மலைக்குடி இளைஞர்கள் கூடி ஜன சிக்ஷா சமிதி என்று ஒரு சங்கம் வைத்தார்கள். வெட்டி வேலையை எதிர்ப்பதற்கு முன்னால் எழுத்துத் தெரியவேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். சில வருஷங்களில் நானூறுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் எழும்பின. கட்டியவர்கள் ஊர் ஜனங்களே. துப்பாக்கி ஏந்திய தலைவரை எழுதுவது சுலபம். மலை எரித்து விதைக்கிறவனிடம், பிள்ளையைக் காட்டு வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்த மனிதரை எழுதுவது கஷ்டம். அதற்கு அந்தக் குடிசைக்குள் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பிற்பாதி இன்னும் கஷ்டமானது. 1941இல் திரிபுராவின் ஜனத்தொகையில் ஏறக்குறையப் பாதிப் பேர் மலைக்குடிகள். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். 1981இல் மலைக்குடிகள் நூற்றுக்கு 28 பேர். வந்தவர்கள் ஜமீன்தார்களோ கொள்ளைக்காரர்களோ அல்ல. பெரும்பாலும் எல்லாவற்றையும் இழந்து வந்த ஏழைகள். மலைக்குடிகளின் கையிலிருந்து போன நிலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது தசரத் தேவின் கட்சி எழுப்பிய கோரிக்கை. ஆனால் அந்த நிலத்தை உழுதுகொண்டிருந்தவர்களில் அதே கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள். ஏழைக்காகக் கட்சி கட்டியவன் இரண்டு ஏழைகளுக்கு நடுவே நிற்கும்போது என்ன செய்வான்? நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேண்டுமா?

1967இல் மலைக்குடி இளைஞர்கள் உபஜாதி யுவ சமிதி என்று தனிக்கட்சி தொடங்கினார்கள். அந்தத் தலைமுறை எண்ணெழுத்துக் கற்றதே பழைய இயக்கத்தின் தயவால்தான் என்பது வேடிக்கை. தசரத் தேவ் அந்தப் பக்கம் போகவில்லை. சொந்த ஜனங்களுக்கு மட்டும் தலைவராகியிருந்தால் அவர் பாடு எளிதாயிருக்கும், கைதட்டலும் கிடைத்திருக்கும். 1978இல் இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்தபோது முதலமைச்சரானவர் வங்காளியான நிருபேன் சக்கரவர்த்தி. மலையில் இயக்கத்தைக் கட்டியவர் அவருக்குக் கீழே அமைச்சராகவும், பிறகு துணை முதலமைச்சராகவும் இருந்தார். 1979இல் காக்பராக் அரசாங்க பாஷைகளில் ஒன்றாயிற்று. மலைப் பகுதிக்குத் தன்னாட்சி மன்றம் அமைக்கும் சட்டமும் அந்த வருஷந்தான் வந்தது. மறுவருஷம் ஜூனில் இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். இந்த இரண்டு வருஷங்களில் அவர் மனத்துக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நான் எத்தனையோ தேர்தல் வெற்றிகளை விட்டுக்கொடுப்பேன். 1993இல்தான், எழுபத்தேழாவது வயதில், அவர் முதலமைச்சரானார்.

அவரே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், வங்காளியில். பெயர் 'முக்தி பரிஷதேர் இதிகதா', பரிஷத்தின் வரலாறு. தலைப்பில் இருப்பது இயக்கத்தின் பெயர், மனிதரின் பெயர் அல்ல. கட்சிக்காரரின் அடக்கம் என்று இதைப் பாராட்டலாம். எனக்கு மனசில்லை. தன்னை மறைத்துக்கொள்வது அரசியலில் நல்ல குணமாக இருக்கலாம்; எழுத்தில் அது வாசகனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடும். அப்புறம் அந்தப் பாஷை விஷயம். காக்பராக்குக்காகப் போராடிய தலைமுறையின் தலைவர் தம் காலத்தைப் பதிவு செய்தது வங்காளியில். படிக்கத் தெரிந்த ஜனங்கள் அந்தப் பாஷையில்தான் இருந்தார்கள் என்பது நியாயமான பதில். நியாயமான பதில்தான் இங்கே மனசை உறுத்துகிறது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டிய இன்னொரு புத்தகம் உண்டு. 1945இல் அதே சமிதியைத் தொடங்கியவர்களில் ஒருவர் சுதன்வ தேவவர்மா. அவரும் கம்யூனிஸ்ட், 1978க்குப் பிறகு சட்டசபைக்குச் சபாநாயகராக இருந்தவர். அவர் 'ஹாசுக் குரிஓ' என்று ஒரு நாவல் எழுதினார், மலையின் மடியில் என்று பொருள். 1987இல் வெளிவந்தது. காக்பராக்கில் முதல் நவீன நாவல் அதுதான். ஒரே பள்ளிக்கூட இயக்கத்தில் வேலை செய்த இரண்டு தோழர்கள். ஒருவர் நடந்ததை வங்காளியில் சரித்திரமாக எழுதினார், மற்றவர் தாய்ப்பாஷையில் கதையாக எழுதினார். தசரத் தேவின் வாழ்க்கையை எழுத முனைகிறவர் முதலில் எதைக் கையில் எடுக்கவேண்டும் என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். தேதிகள் முதல் புத்தகத்தில் இருக்கும். அந்தத் தேதிகளில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதற்கு நாவலிடந்தான் போகவேண்டும்.

காக்பராக்கை வங்காள எழுத்தில் எழுதுவதா, ரோமன் எழுத்தில் எழுதுவதா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. தசரத் தேவ் 1998இல் பதவியை விட்டு, அந்த அக்டோபரிலேயே காலமானார். 1945க்குப் பிறகு அந்த மலைப் பள்ளிக்கூடங்களில் போய் உட்கார்ந்த பிள்ளைகளில் யாராவது ஒருவர், எந்த எழுத்திலாவது, தம் வாத்தியாரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தால் அதைத்தான் முதலில் படிக்க ஆசைப்படுகிறேன்.